கருப்பு வெள்ளியும் கணக்கு மையும்

பிளாக் ஃப்ரைடே என்ற பெயரை அம்மாவிடம் நான் முதன்முதலாகச் சொன்னது 2007-ல். அமெரிக்கா வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதிகாலை மூன்று மணிக்குக் கடை வாசலில் போய் நின்று, குளிரில் விறைத்து, கடைசியில் டிவி கிடைக்காமல் ஒரு பிரெட் டோஸ்டரோடு வீடு திரும்பிய கதையைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். விளம்பரத்தில் அத்தனை பெரிதாகப் படம் போட்டிருந்த அந்த டிவி, எங்கள் ஊர்க் கிளைக்கு வந்ததே ஐந்துதான் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். அம்மாவுக்கு டிவியைப் பற்றிக் கவலையே இல்லை. "என்னது, கருப்பு வெள்ளியா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னடா பேரு இது? யாராவது செத்துட்டாங்களா?" என்றுதான் கேட்டாள்.

நான் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தவர் காலையில்தான் அதை எனக்குச் சொல்லியிருந்தார், சூடு ஆறவில்லை. அதாவது, இங்கே கடைக்காரர்கள் ஜனவரியிலிருந்து நவம்பர் வரை நஷ்டத்தில்தான் ஓட்டுவார்களாம், நஷ்டத்தைப் பேரேட்டில் சிவப்பு மையில் எழுதுவார்களாம். நவம்பர் நான்காவது வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றிப் பண்டிகைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை கூட்டம் அலைமோதும்போது கணக்கு லாபத்துக்கு மாறிவிடும், அன்றைக்குத்தான் கருப்பு மைப் பேனாவைக் கையில் எடுப்பார்கள், அதனால்தான் கருப்பு வெள்ளி. "ஓ, அப்ப நல்ல பேருதான்" என்று சொல்லிவிட்டு அம்மா கறிவேப்பிலைச் செடி விஷயத்துக்குப் போய்விட்டாள்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவன். ஊரில் ஆடிட்டர் அலுவலகத்தில் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாக டிக் அடித்து வளர்ந்தவன். மை, பேரேடு, லாபம், நஷ்டம் என்று என் தொழிலைப் பற்றி ஊரே பேசும் ஒரே கதை இதுதான், விடுவேனா? அலுவலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு, மகளின் பள்ளித் தோழியின் அப்பாவுக்கு, பொங்கல் விழாவில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்று ஆறு வருடம் அதைச் சொல்லித் திரிந்தேன். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் கதை பிடித்திருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் செரி ஹில். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பிலடெல்பியா. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிலடெல்பியாவில் முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். 2013-ல் அவர்கள் பிள்ளைகள் யாரும் வர முடியவில்லை என்பதால் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தோம். வான்கோழி இல்லை, மனைவி கோழி பிரியாணி செய்திருந்தாள். அவர் தயங்காமல் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். மறுநாள் கடைக்குப் போகிறீர்களா என்று பேச்சு வந்தது. சரி, நம் கச்சேரிக்கு நேரம் வந்துவிட்டது என்று நான் சிவப்பு மை, கருப்பு மை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். "இதை உனக்கு யார் சொன்னது?" என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். "நான் 1961-ல் பஸ்ஸில் ஏறினவன். அந்த வெள்ளிக்கிழமை மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பஸ் ஓட்டியிருக்கிறாயா? எங்கள் டெப்போவில் அதற்குக் கருப்பு வெள்ளி என்றுதான் பேர். போலீஸ்காரன் முதலில் சொன்னானா, நாங்கள் முதலில் சொன்னோமா என்று சண்டை வேண்டுமானால் போடலாம். ஆனால் அங்கே எவனும் மையைப் பற்றி யோசிக்கவில்லை. மூத்திரம் போக இறங்க முடியவில்லையே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தோம்." அவர் மனைவி "சாப்பிடுகிற இடத்தில் என்ன பேச்சு" என்று அதட்டினார். அவர் நிறுத்தவில்லை. அரை மணியில் முடிகிற தடம் அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆகுமாம். இரண்டு கையிலும் பொட்டலத்தோடு ஏறுகிற பெண்களுக்குச் சில்லறை எடுக்கக் கை இருக்காது, பிள்ளைகள் சாண்டாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அழும், நடைபாதையில் இடமில்லாமல் ஜனங்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள், ஓர் அடி நகர்ந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். விடுப்பு கேட்டால் சிரிப்பார்களாம்.

நான் அசடு வழியச் சிரித்துவிட்டு ரசகுல்லாவை எடுத்துவந்தேன். ஆனால் மனதுக்குள் அவர் சொன்னதை நம்பவில்லை. வயதானவர், தன் ஊர்தான் உலகம் என்று பேசுகிறார், இப்படித்தான் தோன்றியது. நாடு முழுக்கச் சொல்கிற ஒரு பெயரை ஒரு பஸ் டெப்போவிலா வைத்திருப்பார்கள்? அவரைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அன்று இரவே தேட ஆரம்பித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த சில வாரங்களில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டப் புரட்ட முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1975 நவம்பர் 29-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி, பிலடெல்பியாவின் போலீஸ்காரர்களும் பஸ் ஓட்டுநர்களும் இந்த நாளைக் கருப்பு வெள்ளி என்று அழைக்கிறார்கள் என்று எழுதுகிறது. நியூயார்க்காரர்களுக்கே அதைப் பக்கத்து ஊரின் விநோத வழக்காக விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது, 1975-ல்கூட! அதற்கும் முன்னால், 1966-ல், தபால்தலை சேகரிப்பவர்களுக்கான ஒரு பத்திரிகையில் பிலடெல்பியாத் தபால்தலை வியாபாரி ஒருவர் கொடுத்த விளம்பரம் இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாளுக்குப் பிலடெல்பியா போலீஸ் துறை வைத்த பெயர் இது, அவர்கள் செல்லமாக வைத்த பெயர் அல்ல என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறார். அன்றைக்கு நகர மையத்தில் வாகனம் நகராது, நடைபாதை பிதுங்கும், கடைகள் திறந்ததிலிருந்து மூடும்வரை கூட்டம் அப்பிக்கொண்டிருக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. என் பெரியவர் சொன்னதில் பாதி அந்தத் தபால்தலைக்காரர் விளம்பரத்தில் வந்துவிட்டது.

டிராம்போன்காரர்

எனக்கு மிகவும் பிடித்துப்போனது 1994-ல் ஜோசப் பாரெட் என்ற பழைய நிருபர் பிலடெல்பியா இன்க்வயரரில் எழுதிய நினைவுக் கட்டுரை. அவர் முன்பு ஈவ்னிங் புல்லட்டினில் போலீஸ் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். (அந்தப் பத்திரிகை 1982-ல் மூடப்பட்டுவிட்டது.) அறுபதுகளின் தொடக்கத்தில் அவரும் சக நிருபர் நேதன் கிளெகரும் சேர்ந்து நகர நெரிசலைப் பற்றி முதல் பக்கச் செய்தி எழுதியபோது, போலீஸ்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்த 'பிளாக் ஃப்ரைடே'யை எடுத்து அச்சில் போட்டிருக்கிறார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை, பெரிய கடைகளில் சாண்டா வந்து நாற்காலியில் உட்காரும் முதல் நாள், கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்கும் நாள், சாயங்காலமானால் ராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும். இந்தப் போட்டி பல ஆண்டுகளில் மறுநாள் சனிக்கிழமையே பிலடெல்பியாவில் நடந்தது, லட்சம் பேர் கொள்ளும் மைதானத்தில். எல்லாம் ஒரே நாளில், ஒரே சில தெருக்களில். போக்குவரத்துப் போலீஸ்காரர் எவருக்கும் அன்று விடுப்பு கிடையாது, பன்னிரண்டு மணி நேர வேலை. அதுவும் போதாமல் போலீஸ் பாண்டு வாத்தியக் குழுவையும் கொண்டுவந்து தெருவில் இறக்கிவிடுவார்களாம். டிராம்போன் வாசிப்பவர் நாற்சந்தியில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம் என்று பாரெட் எழுதுகிறார்.

இதைப் படித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, நான் தனியாகச் சிரித்தேன். ஊர்வலத்தில் வாசிப்பதற்கென்று வேலைக்குச் சேர்ந்த மனிதர், நவம்பர் குளிரில், வானமேக்கர் கடை முக்கில், விசில் ஊதிக்கொண்டு. அவர் அந்த நாளைக் கருப்பு என்று சொல்லாமல் வேறு என்ன நிறத்தில் சொல்வார்? தமிழில் கருப்புக்கொடி, கருப்பு நாள் என்றால் நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அம்மா கேட்ட உடனேயே "யாராவது செத்துட்டாங்களா" என்றாள் அல்லவா, அதுதான் அந்தப் பெயரின் சரியான பொருள். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 1929-ல் பங்குச்சந்தை சரியத் தொடங்கிய வியாழன் கருப்பு வியாழன். 1869 செப்டம்பர் 24 கருப்பு வெள்ளி, ஊக வணிகர்களான ஜே கூல்டும் ஜிம் ஃபிஸ்கும் நியூயார்க்கில் தங்கத்தை வளைத்துப் போட்டு விலையை ஏற்றிக்கொண்டே போக, ஜனாதிபதி கிராண்ட் அரசுக் கருவூலத்திலிருந்து 40 லட்சம் டாலர் தங்கத்தை விற்கச் சொல்லி, விலை விழுந்து, பலர் நடுத்தெருவுக்கு வந்த நாள் அது. (ஷாப்பிங் நாளுக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.) கெட்டது நடந்த நாளைத்தான் கருப்பு என்பார்கள். அதை லாபத்தின் நிறம் என்று என்னை நம்பவைத்தவர்களின் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

போலீஸ்காரர்களுக்கும் முன்னால் அதே பெயரை இன்னொரு கூட்டத்தார் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். 1951 நவம்பரில் தொழிற்சாலை நிர்வாகிகளுக்கான ஒரு பத்திரிகையில், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் தொழிலாளிகளுக்கு ஒரு நோய் வருகிறது, பிளேக்குக்கு அடுத்தபடி கொடிய நோய் அதுதான் என்று கிண்டலாக எழுதியிருக்கிறார்கள். வியாழன் விடுமுறை, சனி ஞாயிறு விடுமுறை, நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. பாதித் தொழிற்சாலை காலியாகக் கிடக்கும், வராதவர்கள் எல்லோரும் உடம்பு சரியில்லை என்பார்கள், சான்றிதழும் வைத்திருப்பார்கள். உற்பத்தியைக் காட்ட வேண்டிய மேலாளருக்கு அது கருப்பு வெள்ளி. அந்த விடுப்பைப் பேசாமல் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள் என்பது கட்டுரை தந்த யோசனை. அந்த 1951 வழக்குக்கும் பிலடெல்பியாவுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் பார்த்தவரை யாரும் காட்டவில்லை. இரண்டு இடத்திலும் பெயர் வைத்தது அன்றைக்கு வேலை பார்த்தே தீர வேண்டியவர்கள் என்பதுதான் என் கண்ணில் பட்டது. கடைக்காரர்களும் பொருள் வாங்கப் போனவர்களும் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

பெரிய வெள்ளி

கடைக்காரர்கள் அந்தப் பெயரை வெறுத்தார்கள். நியாயம்தான். ஊர்க்காரன் எல்லாம் "அய்யோ கருப்பு வெள்ளி, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே" என்று பேசினால் வியாபாரம் என்ன ஆகும்? 1961 டிசம்பரில் மக்கள் தொடர்புத் துறைக்காரர்களுக்கான ஒரு செய்திமடல் இதை விவரமாகச் சொல்கிறது. வியாபாரிகள் போய் முறையிட, பிலடெல்பியா நகராட்சியின் அதிகாரியான ஏப் ரோசன் ஒரு வழி சொல்கிறார்: கருப்பு வெள்ளி, கருப்பு சனி என்று சொல்வதை விட்டுவிட்டு 'பிக் ஃப்ரைடே', 'பிக் சாட்டர்டே' என்று சொல்லத் தொடங்குவோம். பத்திரிகைகளும் ஒத்துழைத்தன. கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் நகரம் எவ்வளவு அழகு, குடும்பத்தோடு கடைவீதிக்கு வருவது எவ்வளவு ஆனந்தம், வண்டி நிறுத்த எவ்வளவு இடம், கூடுதலாக எத்தனை போலீஸ்காரர்கள் என்றெல்லாம் எழுதினார்கள். அந்தக் கூடுதல் போலீஸ்காரர்களில் நம் டிராம்போன்காரரும் அடக்கம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். போலீஸ் கமிஷனர் ஆல்பர்ட் பிரவுனிடமும் வியாபாரிகள் போய்ப் புலம்பினார்கள் என்றும், மறு வருடம் அவர் வெளியிட்ட அறிக்கையில் அந்த நாள் பிக் ஃப்ரைடே ஆகிவிட்டது என்றும் பாரெட் எழுதுகிறார். நிருபர்கள் மட்டும் விடாமல் பழைய பெயரையே போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். "பிக் ஃப்ரைடேன்னா பெரிய வெள்ளிதானே? அது நம்ம ஸ்டெல்லா டீச்சர் வீட்ல உபவாசம் இருக்கற நாளாச்சே." சரிதான். தமிழில் பெரிய வெள்ளி என்றால் இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். அதைவிடத் துக்கமான வெள்ளி கிடையாது. பிலடெல்பியா நகராட்சியில் ஒரே ஒரு தமிழர் வேலை பார்த்திருந்தால் ரோசனை அன்றே தடுத்திருப்பார்.

1961 என்ற ஆண்டு என்னை இன்னொரு விதத்தில் குடைந்தது. நான் குடியிருக்கும் ஊரின் மால் திறந்தது அதே ஆண்டு அக்டோபரில்தான். விக்டர் க்ரூயன் வடிவமைத்தது, கூரை போட்டு, குளிரூட்டி, உள்ளேயே செடிகொடி வைத்து, வெளியே கண்ணுக்கெட்டிய வரை இலவச வாகன நிறுத்தம். அந்த மால் வந்த வேகத்தில், அதுவரை டெலவேர் டவுன்ஷிப் என்றிருந்த ஊரே செரி ஹில் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பாலத்தைத் தாண்டி கால் மணி நேரம் ஓட்டினால் நெரிசல் இல்லை, போலீஸ் விசில் இல்லை, பஸ்ஸில் தொங்க வேண்டாம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் பெரிய கடைகளில் ஒன்றான ஸ்ட்ராபிரிட்ஜே மாலில் கிளை திறந்துவிட்டது. இப்படி வாடிக்கையாளர் நழுவிப்போகிற நேரத்தில் போலீஸ்காரர்கள் நகரக் கடைவீதியைக் கருப்பு என்று திட்டிக்கொண்டிருந்தால் வியாபாரிகளுக்கு வயிறு எரியாதா? இது என் ஊகம்தான், எங்கும் படித்ததல்ல. ஆனால் ரோசனின் அவசரம் இதை வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது.

பிக் ஃப்ரைடே ஒட்டவில்லை. மேலிடத்திலிருந்து வரும் பெயர்கள் பெரும்பாலும் ஒட்டாது. இந்தப் பருவத்துக்காகப் பண்டிகை நாளையே நகர்த்திப் பார்த்த கதையும் உண்டு. 1939-ல் நவம்பர் கடைசி வியாழன் 30-ஆம் தேதி விழுந்தது, தேங்க்ஸ்கிவிங் முடிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் விற்பனையை ஆரம்பிப்பது என்ற எழுதாத கட்டுப்பாடு கடைகளுக்கு இருந்தது, எனவே விற்க நாள் போதாது என்று வியாபாரிகள் கேட்க, ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேங்க்ஸ்கிவிங்கை ஒரு வாரம் முன்னால் தள்ளி 23-ஆம் தேதிக்குக் கொண்டுவந்தார். பாதி மாநிலங்கள் ஏற்றன, பாதி மறுத்தன, டெக்சாஸ் இரண்டு நாளும் கொண்டாடியது, அட்லாண்டிக் சிட்டி மேயர் அதற்கு 'ஃப்ராங்க்ஸ்கிவிங்' என்று கேலிப்பெயர் வைத்தார். 1941-ல் நவம்பர் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்ட பிறகுதான் ஓய்ந்தது. ஜனாதிபதியாலேயே எளிதாக முடியாததை நகராட்சி அதிகாரி எங்கே சாதிப்பது.

பெயரை விட்டுவிட்டு அர்த்தத்தை மாற்றினார்கள்

இருபது வருடம் கழித்து வேறொரு வழி கிடைத்தது. 1981 நவம்பர் 28 இன்க்வயரரில், கடைகளுக்கு இவ்வளவு நல்ல நாளை ஏன் கருப்பு என்கிறார்கள் என்ற கேள்விக்கு, கடைக்காரர்கள் லாபம் பார்க்கும் நாள், கருப்பு மை என்று ஒருவர் பதில் சொல்கிறார். நான் சொல்லிக்கொண்டு திரிந்த கதையின் மிகப் பழைய அச்சுச் சான்றுகளில் அது ஒன்று. பதில் சொன்னவர் எந்த ஊர் என்று பார்த்தேன். செரி ஹில் மால். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். என் மகளுக்குப் பள்ளிச் சீருடைக் காலணி வாங்கிய இடம். அன்றைக்குக் கணினியை மூடிவிட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. எரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கணக்குக்காரனாக எனக்கு வெட்கம் வேறு. கொஞ்சம் யோசித்திருந்தால் அந்தக் கதை நிற்காது என்று நானே கண்டுபிடித்திருப்பேன். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் சேர்ந்து அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தில் ஆண்டு விற்பனையின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பெரிய பங்குதான், ஆனால் மீதி நான்கு பங்கு மற்ற பத்து மாதத்தில் நடக்கிறது. பதினோரு மாதம் தொடர்ந்து நஷ்டத்தில் ஓடும் கடைக்கு எந்த வங்கி சரக்குக் கடன் கொடுக்கும், எந்தச் சப்ளையர் கணக்கில் பொருள் அனுப்புவார்? ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்து இன்றோடு லாபம் என்று எந்தக் கடையும் கணக்கை முடிப்பதில்லை. அதைவிட வேடிக்கை, அந்த நாள் அப்போது வருடத்தின் பெரிய விற்பனை நாளே அல்ல. தொண்ணூறுகளின் கடைசி வரைக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமைதான் வழக்கமாக முதலிடம். அன்றைய கூட்டத்தில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிள்ளைக்குச் சாண்டாவையும் வானமேக்கரின் விளக்கு அலங்காரத்தையும் காட்ட வந்தவர்கள். கடைக்குள் கல்லா நிறைந்ததோ இல்லையோ, தெரு நிறைந்தது. பெயர் தெருவிலிருந்து வந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

ஆனாலும் மை ஜெயித்தது. 1985-ல்கூட சின்சினாட்டியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் கடைக்காரர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது என்று இன்க்வயரர் எழுதியது. பிறகு பெயர் நாடு முழுக்கப் பரவியபோது விளக்கத்தோடு சேர்ந்தே பரவிவிட்டது. பிலடெல்பியாவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு டிராம்போன்காரரைத் தெரியாது, மையைத்தான் தெரியும். ரோசன் பெயரை மாற்றப் பார்த்துத் தோற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பெயரை அப்படியே விட்டுவிட்டு அது எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் மாற்றினார்கள். இதை உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தார்கள் என்றுகூட நான் நினைக்கவில்லை. கேட்டவருக்குப் பிடித்த பதில், சொன்னவருக்கும் வசதியான பதில், என்னைப் போன்ற ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஓசியில் சுமந்து திரிந்த பதில்.

மையை மறுக்க வந்தவர்கள் சிலர் இன்னொரு தவறான கதையைப் பிடித்துக்கொண்டார்கள். அடிமைகளைத் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் தள்ளுபடியில் விற்றார்கள், அதுதான் கருப்பு வெள்ளி என்று பத்துப் பதினைந்து வருடமாகக் கைபேசி கைபேசியாகச் சுற்றுகிறது. எனக்கும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. அடிமை வணிகத்தின் கொடுமைக்கு இட்டுக்கட்டிய கதையின் துணை தேவையில்லை. ஆண்டைப் பார்த்தாலே போதும்: நாடு முழுமைக்கும் நவம்பர் கடைசி வியாழனைத் தேங்க்ஸ்கிவிங் என்று லிங்கன் அறிவித்தது 1863 அக்டோபரில், அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது அதே 1863 ஜனவரி முதல் தேதி. இந்த நாளுக்கு அந்தப் பெயரோ அதற்கப்புறம் ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்துத்தான் அச்சில் தலைகாட்டுகிறது.

2008 நவம்பர் 28-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரில் வால்மார்ட் கடைக்கு வெளியே சுமார் இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். காலை ஐந்து மணிக்குக் கதவு பெயர்ந்து விழ, கூட்டம் உள்ளே பாய்ந்தது, வாசலில் நின்றிருந்த முப்பத்து நான்கு வயதுத் தற்காலிக ஊழியர் மிதிபட்டு இறந்துபோனார். அதற்கு முந்தைய வருடம் நானும் அப்படி ஒரு கதவின் முன்னால் நின்றிருந்தேன், கதவு திறந்ததும் முதுகில் வந்த அழுத்தம் இப்போதும் நினைவிருக்கிறது. நானும் முன்னால் இருந்தவரைத் தள்ளினேன். உள்ளே அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்ற ஒரு கடைப் பையனின் முகம் மட்டும் ஞாபகத்தில் தங்கிவிட்டது. "யாராவது செத்துட்டாங்களா" என்று அம்மா கேட்ட வருடம் யாரும் சாகவில்லை.

பெரியவரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஜனவரி ஆகிவிட்டது. பனி தள்ளிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி, செய்தித்தாளிலேயே பஸ் ஓட்டுநர்கள் என்று போட்டிருக்கிறது என்றேன். ஏதோ பரிசு கொடுப்பதுபோல அந்த 1975 பக்கத்தின் அச்சுப் பிரதியை நீட்டினேன். கையுறையைக் கழற்றி வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "போலீஸ்காரனை முதலில் போட்டிருக்கிறான்" என்றார்.

இப்போது அந்தப் பெயர் ஊர் ஊராகப் போய்விட்டது. தேங்க்ஸ்கிவிங் என்ற ஒன்றே இல்லாத சென்னையில் என் தங்கையின் கைபேசிக்கும் நவம்பர் வந்தால் பிளாக் ஃப்ரைடே சலுகை வருகிறது, அவளும் குக்கர் வாங்குகிறாள், மை கதையும் அவளுக்குத் தெரியும். எங்கிருந்து என்று கேட்டேன். "நீதானே அண்ணா சொன்னே."

என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலைக்குப் போனாள். நவம்பர் ஆரம்பத்திலேயே வேலை அட்டவணை கைபேசிக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக, யாருக்கும் விடுப்பு கிடையாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. தேங்க்ஸ்கிவிங் அன்று மாலை, பிரியாணி பாதியில் இருக்கும்போதே எழுந்து கை கழுவினாள். போகிறபோக்கில், "ஆமாப்பா, இதுக்கு ஏன் பிளாக் ஃப்ரைடேன்னு பேர்?" என்று கேட்டாள். எத்தனை வருடம் காத்திருந்தேன் இந்தக் கேள்விக்கு! நாற்காலியை இழுத்துப் போட்டு 1951-லிருந்து ஆரம்பித்தேன். டிராம்போன்காரர் வரைக்கும்தான் வந்திருப்பேன்.

"அப்பா, எனக்கு நாலு மணிக்கு ஷிஃப்ட். நாளைக்குச் சொல்லுங்க" என்று மாடிப்படி ஏறிவிட்டாள்.